வண்டின் முதுகில் வெனிலா

பூச்சிப் படம் எடுக்க ஆரம்பித்த முதல் ஆறு மாதமும் லென்ஸ், லென்ஸ் என்றே அலைந்தேன். கோளாறு வெளிச்சத்தில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது, சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும் ஒரு வண்டு. மதுரை மாடக்குளம் கண்மாய்க் கரையில், நெய்வேலிக் காட்டாமணக்கு இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்க ஆமை வண்டு. ஆஸ்பிடிமோர்ஃபா என்ற பேரினம். சீனிக்கிழங்கு போடுகிறவர்கள் இலையில் ஓட்டை போடும் பூச்சியாக இதன் சாதிசனத்தைப் பார்த்திருப்பார்கள். கிழங்குக் கொடியும் இந்தக் காட்டாமணக்கும் ஐபோமியா என்ற ஒரே பேரினத்துப் பங்காளிகள் என்பதால் இரண்டிலும் மேய்வார்கள்.

ஓட்டின் ஓரம் சுற்றிலும் கண்ணாடித் தாள் போல ஊடுருவித் தெரியும். நடுவில் குமிழாக எழும்பிய முதுகு மட்டும் தங்கம். தங்க நிறம் என்று சொன்னால் பத்தாது. பட்டறையில் உருக்கி ஒரு சொட்டு விட்டு, அது ஆறுவதற்குள் கால் முளைத்துப் போய்விட்டது போல இருக்கும். நம் மாதிரி ஆட்களுக்கு வில்லங்கம் அங்கேதான். அந்த முதுகு ஒரு குவிந்த கண்ணாடி. லாரிக்காரர்கள் பக்கவாட்டில் மாட்டியிருப்பார்களே, அதே வேலையைச் சின்ன அளவில் செய்யும். எதிரே நிற்கிற எல்லாவற்றையும் சுருக்கித் தன் மேல் போட்டுக்கொள்ளும். ஃபிளாஷ் அடித்தால் ஃபிளாஷின் படம் அதில் விழும். வண்டைத்தான் எடுக்கிறோம் என்று நினைப்போம், அது நம் சாமானைப் படம் பிடித்து வைத்திருக்கும்.

முதலில் லென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், செலவு செய்தவன் சொன்னால் பிறருக்கு மிச்சமாகும். என்னிடம் இருப்பது கேனன் 700டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். சின்னதைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கக் காசில்லை. 58 மில்லிமீட்டர் ரிவர்ஸ் ரிங் ஒன்று வாங்கி லென்ஸைத் தலைகீழாக மாட்டினேன். அதாவது முன்பக்கம் கேமராவைப் பார்க்கும், மவுண்ட் இருக்கும் பின்பக்கம் பூச்சியைப் பார்க்கும். இப்படி மாட்டினால் ஜூமும் தலைகீழ். 55-இல் வைத்தால் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று வரும், 18 பக்கம் திருகத் திருகப் பெரிதாகிக்கொண்டே போகும்.

ஒன்றுக்கு ஒன்று என்றால் 10 மில்லிமீட்டர் வண்டு சென்சாரில் 10 மில்லிமீட்டராகவே விழுவது. என் கேமரா சென்சாரின் அகலம் 22.3 மில்லிமீட்டர், ஆக வண்டு பாதிப் படத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அது போதும் எனக்கு.

திருப்பி மாட்டிய லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு கிடையாது, வெளிச்சம் நுழையும் துளையான அப்பெர்ச்சரை மாற்ற முடியாது. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. லென்ஸை நேராக மாட்டி எஃப் 8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். துளையைச் சுருக்கும் இதழ்கள் அந்த அளவிலேயே நின்றுவிடும். வியூஃபைண்டர் இருண்டு போகும், கருக்கலில் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய தொல்லை தூரம். கேனன் இஎஃப் மவுண்ட்டிலிருந்து சென்சாருக்கு 44 மில்லிமீட்டர். திருப்பி மாட்டினால் பூச்சி நிற்க வேண்டிய தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. நாலு விரல் அகலம்கூட இல்லாத இடைவெளியில் கறுப்புக் குழாய் ஒன்று வந்து நின்றால் எந்தப் பூச்சி உட்கார்ந்திருக்கும்? வெளிச்சமும் அந்தச் சந்துக்குள் நுழையாது. கண்மாய்க் கரைக் காற்றில் லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி திறந்தே கிடப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

பிறகு சீட்டுப் பணம் வந்தபோது 55-250 லென்ஸும், அதன் மூக்கில் கவ்விக்கொள்ளும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 கண்ணாடியும் வாங்கினேன். இது 8 டயாப்டர் சக்தி, குவிதூரம் 125 மில்லிமீட்டர். கணக்கு சுலபம். லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்துவிட்டு, ஜூம் எண்ணை 125-ஆல் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். 125-இல் ஒரு மடங்கு, 250-இல் இரண்டு மடங்கு. எந்த ஜூமில் வைத்தாலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இல்லாவிட்டாலும் 12 சென்டிமீட்டர் கிடைக்கும். அந்த இடைவெளிதான் பின்னால் என் பிழைப்பைக் காப்பாற்றியது.

இன்னொரு வித்தியாசத்தையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லென்ஸைத் திருப்பி மாட்டினாலும், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெற்றுக் குழாய் மாட்டினாலும் வெளிச்சம் பரவி நீர்த்துப்போகும். இரண்டு மடங்கில் எஃப் 8 என்று வைத்தது எஃப் 24 மாதிரி வேலை செய்யும், அதற்கு மேல் மூடினால் படம் மொத்தமாக மழுங்கும். ரேனாக்ஸில் அந்த நீர்ப்பு இல்லை, எஃப் 16 என்றால் எஃப் 16 தான். அதனால் தைரியமாக எஃப் 16 வரை போகலாம். போயும் என்ன, ஒரு மடங்கில் கூர்மையாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டர் சொச்சம். இரண்டு மடங்கில் அதில் கால்வாசி. நூல் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப் 16, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200. விடியற்காலையில் இப்படி வைத்து எடுத்தால் படம் அமாவாசை. ஆகவே ஃபிளாஷ்.

கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷ் உதவாது, நீண்ட லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும். கோடாக்ஸ் டிடி600 என்ற தனி ஃபிளாஷ் வாங்கிக் கேமராவின் தலையில் மாட்டினேன். குறைந்த சக்தியில் அடிக்கும்போது அதன் வெட்டு சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் நீடிக்கும். என் கை நடுக்கம், இலை ஆட்டம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இதெல்லாம் தயார் என்ற தெம்போடுதான் மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டின் முன் மண்டி போட்டேன்.

முதல் படத்தில் முதுகு நடுவே வெள்ளையாக ஒரு புண். சுற்றிலும் தங்கம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் பழுப்பு. பின்னணி முழுக்கக் கறுப்பு. ஃபிளாஷ் முகத்தில் டிஷ்யூ பேப்பரை மடித்து ரப்பர் பேண்ட் போட்டேன், புண்ணின் விளிம்பு லேசாக மங்கியது, அவ்வளவுதான். சக்தியைக் குறைத்தால் புண் சின்னதாகும், மற்ற இடமும் சேர்ந்து இருண்டுவிடும்.

அங்கேதான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். சின்ன வயதில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு இலை வைத்து வளர்த்தவர்கள்தானே நாமெல்லாம். அதே நினைப்பில், வீட்டில் நிதானமாக எடுப்போம் என்று இலையோடு டப்பாவில் போட்டு எடுத்துவந்துவிட்டேன். வேலைக்குப் போய் சாயங்காலம் திறந்தால் வண்டு இருக்கிறது, தங்கத்தைக் காணோம். காய்ந்த சருகின் நிறம். மறுநாள் காலை அசைவில்லை. பொன்வண்டின் பச்சை செத்து நாற்பது வருஷம் ஆனாலும் போகாது, அதன் ஓட்டுக்குள் இருக்கும் அடுக்குகள் இறுகியவை. ஆமை வண்டின் தங்கமும் அடுக்குகளால் வருவதுதான், ஆனால் அந்த அடுக்குகளுக்கு இடையே ஈரம் நிற்க வேண்டும். ஈரம் வற்றினால் தங்கம் வற்றும். அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த ஆமை வண்டுகள் பழுப்பாகக் கிடப்பது இதனால்தான். டப்பாவைத் தொட்டியோரம் கவிழ்த்துவிட்டு, இனி எந்தப் பூச்சியையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்தேன். தங்கத்தை எடுக்க வேண்டுமானால் அது இருக்கும் இலையில், அது உயிரோடு இருக்கும்போது எடுக்க வேண்டும். அப்படியானால் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் கண்மாய்க்கு வர வேண்டும்.

வெளிச்சம் மென்மையாவது அதன் பலத்தால் அல்ல, அளவால். ஃபிளாஷின் முகம் தீப்பெட்டிகள் இரண்டைச் சேர்த்த அளவு. வண்டு அண்ணாந்து பார்த்தால் அது உச்சிச் சூரியன் மாதிரி ஒரு புள்ளி. அதே வெளிச்சத்தை ஒரு சாண் அகலத் திரையில் பரப்பி, வண்டுக்கு 12 சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் அதன் வானத்தில் பாதி அந்தத் திரைதான். மேகமூட்டமான பகல். எனக்கு வேண்டியது அந்தத் திரை.

ஞாயிறுக்கு ஞாயிறு வண்டிடம் போய்ச் சோதித்துக்கொண்டிருந்தால் தை பிறந்துவிடும் என்று வீட்டிலேயே ஒரு பொய் வண்டு செய்துகொண்டேன். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு வாங்கினேன், பின்சக்கரத்துக்குப் போடும் கால் அங்குலக் குண்டு. ஒரு வெற்றிலையில் மாவு பிசைந்து அதன் மேல் உட்கார வைத்தால் வண்டைவிடக் கறாரான கண்ணாடி. ஒவ்வொரு டிஃப்யூசரையும் இந்தக் குண்டின் முன் காட்டி ஒரு படம். எந்தப் புத்தகமும் இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்லாது.

முதலில் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. வெள்ளை, பாதி ஊடுருவும், ஃபிளாஷ் தலை நுழையும் அளவுக்கு மூடியில் ஓட்டை வெட்டினேன். அவசரத்தில் குண்டில் சோதிக்காமல் அந்த ஞாயிறே கண்மாய்க்கு எடுத்துப்போனேன். கேமராத் திரையில் பார்த்தபோது பரவாயில்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால், வண்டின் முதுகில் வட்டமாக மூலை மழுங்கிய ஒரு சதுரம், அந்தச் சதுரத்துக்குள் இடவலம் மாறி ‘வெனிலா’. டப்பாவின் அடியில் அச்சடித்திருந்த எழுத்து. உள்ளிருந்து வெளிச்சம் வந்தபோது நிழலாக நின்று, குவிந்த கண்ணாடியில் கச்சிதமாக விழுந்திருக்கிறது. வீட்டில் அன்று முழுக்க இதே பேச்சு. “அடுத்த வாரம் பட்டர்ஸ்காட்ச்சா?” என்று கேட்டாள் மகள்.

எழுத்தைத் தின்னர் போட்டுத் துடைத்த பிறகும் டப்பா தேறவில்லை. சதுரத்தின் நடுவில் ஃபிளாஷ் முகம் தனியாக எரிந்துகொண்டு தெரிந்தது. திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நடுவில் மட்டும் வெளிச்சம் குவிந்தால் பூச்சிக்கு அந்த நடு மட்டும்தான் விளக்கு.

அடுத்தது டிரேசிங் பேப்பர். பெரிய தாளாக வாங்கி லென்ஸுக்கு மேல் வளைத்து, குடைபோல நீட்டி ஒட்டினேன். பால்ரஸ் குண்டில் அற்புதமாக இருந்தது, மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் குறையும் ஒரு வெள்ளைப் பட்டை. கண்மாயில் பத்து நிமிஷம். மார்கழிப் பனியில் தாள் தொய்ந்து லென்ஸ் முன்னால் தொங்கியது. பனி விட்ட பிறகு காற்று பிடித்து சடசடவென்று அடித்தது, இரண்டு தட்டான்களும் ஒரு கும்பிடுபூச்சியும் ஓடிப்போனதுதான் மிச்சம். ஆனால் வளைந்த திரை என்ற எண்ணம் அதில் கிடைத்தது.

கடைசியில் கைகொடுத்தது டிவி வந்த பெட்டிக்குள் சுற்றியிருந்த வெள்ளை போம் ஷீட். 2 மில்லிமீட்டர் கனம், நனையாது, சத்தம் போடாது, மடித்தாலும் நிமிர்ந்துகொள்ளும். பரணில் கிடந்ததை எடுத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெட்டியை மூன்று வருஷமாகத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்கு வீட்டில் வாங்கிய ஏச்சு எல்லாம் அன்றைக்கு வரவு.

செய்த விதம் இது. ஃபிளாஷ் தலையிலிருந்து லென்ஸ் முனை வரை கூடாரம் மாதிரி ஒரு புனல், அட்டைப் பெட்டியில் வெட்டியது. உள்பக்கம் சமையலறை அலுமினியத் தாள், பளபளப்புப் பக்கம் தெரிய ஒட்டியது. புனலின் வாய் லென்ஸ் முனைக்குச் சற்று முன்னே வந்து கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கும். வாயில் போம் ஷீட்டை விறைப்பாக இழுக்காமல், வெளிப்பக்கம் தொப்பை விழுகிற மாதிரி வளைத்து ஒட்டினேன். அப்படியும் நடுவில் வெளிச்சக் குவியல் இருந்தது. அப்போதுதான் வெனிலா டப்பாவுக்கு மறுவாழ்வு. அதன் அடிப்பாகத்தை மட்டும் வெட்டி ஃபிளாஷ் முகத்தில் தொப்பியாகப் போட்டேன். டப்பா முதலில் வெளிச்சத்தைக் கலைக்கிறது, அது புனலுக்குள் பட்டுத் தெறித்து, போம் முழுக்கப் பரவி வெளியே வருகிறது. இரண்டு திரைக்கும் நடுவே ஒரு சாண் காலி இடம் இருப்பதுதான் சூட்சுமம். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிப் பார்த்தேன், கனமான ஒரே திரை மாதிரிதான் நடந்துகொண்டது.

ஒட்டுவது தனிப் போராட்டம். உடனே பிடிக்கும் சின்ன டியூப் பசை விரலில் பிடித்தது, போமில் பிடிக்கவில்லை. அது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், எந்தப் பசைக்கும் லேசில் மசியாது. குளூ கன்னின் சூடு போமில் ஓட்டை போட்டது. இரண்டு பக்க டேப் ஒரு வாரம் தாங்கியது. முடிவாக, போமை அட்டையோடு ஊசிநூலால் தைத்தேன். சாக்குத் தைப்பது போல நீளத் தையல், பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் இரண்டு மழைக்காலம் தாண்டியும் பிரியவில்லை. மொத்தமும் முன்பக்கம் தொங்கி ஃபிளாஷின் காலை வளைக்கப் பார்த்ததால், தையற்கடையில் வெல்க்ரோ பட்டை வாங்கி லென்ஸ் உடம்போடு சேர்த்துக் கட்டினேன். ஜூம் திருகினால் லென்ஸ் நீண்டு புனல் இடம் மாறுகிறது என்பதால் 200-இல் வைத்து ஒரு துண்டு டேப் போட்டு அசையாமல் நிறுத்திவிட்டேன். ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை.

வெளிச்சம் நிறையச் சாப்பிடும். வெறும் ஃபிளாஷுக்கு முழுச் சக்தியில் 1/16 போதும் என்றால் இதற்கு 1/4 வேண்டியிருந்தது. நாலு பேட்டரி கூடுதலாகச் சட்டைப் பையில் இருக்க வேண்டும், குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

குண்டின் முன் காட்டினேன். மேல்பாதி முழுக்க மேகம் போல ஒரு வெள்ளை, ஓரங்களில் கரைந்து போகிறது. ஆனால் குண்டின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. தூசி என்று துடைத்தேன், போகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் அது என் லென்ஸ். கேமராவை நேருக்கு நேர் பார்க்கும் கண்ணாடியில் கேமரா தெரியாமல் எப்படி? அதைத் துரத்த எந்த டிஃப்யூசராலும் முடியாது. ஆனால் இடம் மாற்றலாம். கறுப்புப் பொட்டு விழுவது, வளைவில் எந்த இடம் லென்ஸை நேராகப் பார்க்கிறதோ அந்த இடத்தில். மேலிருந்து எடுத்தால் அது தங்கத்தின் உச்சியில் விழும். தாழ்ந்து போய் வண்டின் முகத்துக்கு நேராக எடுத்தால், லென்ஸைப் பார்ப்பது தலைப்பக்கத்து ஊடுருவும் ஓரம். தங்கக் குமிழின் மேல்பக்கம் டிஃப்யூசரைப் பார்க்கும். ஆக மண்டி போட்டது பத்தாது, படுக்க வேண்டும்.

படுத்தேன். பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றை விரித்துக்கொண்டு, காலை ஆறரைக்கு, ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில். பூச்சிகள் வெயில் ஏறினால்தான் சுறுசுறுப்பாகும், அதற்கு முன் ஒரு மணி நேரம் நமக்கானது. முக்காலி இந்த வேலைக்குச் சரிப்படாது, அதன் காலைப் பரப்புவதற்குள் செடி ஆடிவிடும். நான் செய்வது இது. இடது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலைக்காம்பைப் பிடிக்கும். அதே கையின் மணிக்கட்டு மேட்டில் லென்ஸ் முனை உட்காரும். இப்போது காற்றடித்து இலை ஆடினாலும் கேமராவும் கூடவே ஆடும், இரண்டுக்கும் நடுவில் தூரம் மாறாது. ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதே இல்லை. மூச்சை விட்டுவிட்டு, உடம்பை மயிரிழை முன்னே சாய்த்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துவது. பத்துக்கு ஒன்று தேறினால் நல்ல நாள்.

நிழல் பட்டதும் ஆமை வண்டு ஓட்டை இலையோடு சப்பென்று இறக்கிக்கொள்ளும். கால் தெரியாது, கொம்பு தெரியாது, இலையில் ஒட்டிய பொட்டு மாதிரி ஆகிவிடும். அப்போது எடுக்கிற படம் பித்தளைப் பொத்தானின் படம்தான். அசையாமல் இருக்க வேண்டும். மூன்று நாலு நிமிஷம் கழித்து முதலில் ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளி விழும். அதன் வழியே இரண்டு உணர்கொம்புகள், நுனி மட்டும் கருத்தவை, ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்து காற்றைத் தடவிப் பார்க்கும். பிறகு ஓடு ஒரு நூலளவு எழும்பும், கண்ணாடி ஓரத்துக்குள்ளிருந்து கண் தெரியும். அந்த வேளைதான். பக்கத்து இலையில் இதன் குஞ்சுப் புழு, உரித்த தோலையும் தன் எச்சத்தையும் வால் முள்ளில் குத்தி முதுகுக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்பன் தங்கத்தில், பிள்ளை பீயில். அதையும் எடுத்தேன், டிஃப்யூசர் தேவையே இல்லாத பளபளப்பற்ற சாமான்.

அந்த ஞாயிறு வெளிச்சம் ஒத்துழைத்தது. இன்னும் கறுப்புப் பின்னணிதான் உறுத்தியது. திரை வண்டுக்கு 12 சென்டிமீட்டர் பக்கத்தில் இருக்கும்போது, அதைப் போலப் பத்து மடங்கு தள்ளி இருக்கும் கரைப் புல்லுக்குப் போய்ச் சேர்வது சுமார் நூறில் ஒரு பங்கு வெளிச்சம். நடுராத்திரிப் படம் மாதிரி இருப்பது அதனால்தான். சிலர் செயற்கைப் பூ அட்டையைப் பின்னால் பிடிக்கிறார்கள், எனக்கு அது ஸ்டூடியோ சீனரி மாதிரி படுகிறது. அதே செடியின் இன்னொரு இலையை ஐந்தாறு விரற்கடை பின்னால் வருமாறு கோணம் பார்ப்பேன், அதுவும் கிடைக்காவிட்டால் ஐஎஸ்ஓ 400 வைத்துக் கொஞ்சம் வெயில் ஏறும் வரை காத்திருப்பேன். வெயில் ஏறினால் வண்டும் ஏறும், அது ஒரு சூதாட்டம்.

அப்படிக் காத்திருந்தபோதுதான் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். தோளில் வெள்ளைத் துண்டு, கக்கத்தில் குடை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“என்னப்பா, எதையும் தொலச்சிட்டியா?”

“இல்லய்யா. பூச்சிய போட்டோ எடுக்குறேன்.”

“ஆடே வாய் வைக்காத செடி. அதுல போய் என்ன பூச்சி?”

இலையைத் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், “அட, மினுக்காம்பூச்சி. இது மடைப்பக்கம் நெறையா கெடக்குமே” என்றார். இத்தனை ஞாயிறு நான் ஒற்றை வண்டைத் தேடி அலைந்த கரை. மடைப்பக்கம் போனால் நிஜமாகவே இலைக்கு இலை ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் இரண்டு ஒன்றன் மேல் ஒன்றாக.

வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்ததும் பெரியவர் பரிவோடு குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. இரண்டு படம் எடுத்துத் திரையில் பார்த்தால், தங்கத்தில் பாதியைக் கறுப்பு தின்றிருந்தது, குடையின் துணி. “ஐயா, கொட வேணாம், அந்தத் துண்டக் கொஞ்சம் விரிச்சுப் பிடிக்கிறீங்களா, இந்தப் பக்கமா?” என்றேன். என்ன கிறுக்கு இது என்பது போல என்னைப் பார்த்தார், ஆனால் பிடித்தார். இடது பக்கம் இருண்டு கிடந்த விளிம்பு துண்டின் வெள்ளையை வாங்கிக்கொண்டு மெல்ல எழுந்தது. எஃப் 16, 1/200, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் 1/8. மேலே போம் ஷீட்டின் மேகம், கீழே இலையின் பச்சை, இடையில் தங்கம் தங்கமாக. கொம்பு இரண்டும் வெளியே. கண் கூர்மை. ஓட்டின் பின்பாதி நூல் கனத்துக்கு வெளியே போய் மங்கிவிட்டது, அதற்கு ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்களாக அடுக்கி எடுத்துச் சேர்க்க வேண்டும். உயிருள்ள வண்டில் கையில் பிடித்து அடுக்குவது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பெரியவரிடம் திரையைக் காட்டிப் பெரிதாக்கினேன். முதுகின் இடது ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைக் கீற்று. “இதுதான்யா உங்க துண்டு.”

கண்ணருகே வாங்கிப் பார்த்தார். “துண்டு தெரியுது,” என்றார், “ஆளக் காணோமே?”